ஞாயிற்றுக்கிழமை ரொட்டி



சங்கத்தின் பொங்கல் விழாப் பந்தியில் என் பக்கத்தில் அமர்ந்திருந்த ஒரு சகோதரி, "உங்கள் வீட்டில் கடை பிரெட்டே வாங்குவதில்லையாமே, உண்மையா?" என்று கேட்டார். உண்மைதான் என்றேன். "வேலைக்கும் போய்க்கொண்டு எப்படி முடிகிறது?" என்று அடுத்த கேள்வி வந்தது. பதில் சொல்லி முடிப்பதற்குள் பாயசம் வந்துவிட்டது. எதிர் வரிசையில் இருந்த மலர்க் குழுவினர், மீதியை எழுத்தில் கொடுத்துவிடும்படி அங்கேயே கட்டளையிட்டார்கள். அதுவே இந்தக் கட்டுரை.

நான் சமையல் படித்தவள் அல்ல. தலைநகரில் அலுவலகம் போய் வரும் ஒரு குடும்பத் தலைவி. ஐந்து பேர் கொண்ட எங்கள் குடும்பத்துக்கு வாரம் ஒரு முறை மாவு பிசைந்து, இரண்டு முறை சுட்டு, ஏழு நாளும் சமாளிக்கும் முறை ஒன்றைத் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டேன். அதைப் பாடமாகச் சொல்கிறேன்.

எந்த ரொட்டி?

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். என் மாமனார் திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். அவருக்கு 'ரொட்டி' என்றால் அடுப்பில் சுட்டு, துண்டு போட்டு, காப்பியில் தோய்த்துச் சாப்பிடுவது. தில்லியில் பிறந்த என் பிள்ளைகளுக்கு 'ரொட்டி' என்றால் சப்பாத்தி. மாமனார் இங்கு வந்த புதிதில் "ரொட்டி இருக்கா?" என்று கேட்க, என் மகன் இரவு மீந்த சப்பாத்தியைக் கொண்டுபோய்க் கொடுத்தான். பிறகுதான் பக்கத்து வீட்டு அம்மையார், இந்தப் பக்கத்தில் அதை 'டபுள் ரோட்டி' என்பார்கள் என்று விளக்கினார்.

மும்பைக்காரர்களுக்கு இது 'பாவ்'. போர்த்துகீசிய மொழியில் ரொட்டிக்கு 'பாவ்ங்' என்பது போன்ற பெயர். அதிலிருந்து வந்த சொல். ஈஸ்ட் எளிதில் கிடைக்காத காலத்தில் கோவாவில் தென்னங்கள்ளை ஊற்றி மாவைப் புளிக்க வைத்தார்கள். ஆப்ப மாவில் கள் சேர்த்த நம் பாட்டிமார்களுக்கு அது புதிதாகத் தோன்றியிருக்காது. ஆகவே, இது வேற்று நாட்டுக் கலை, நமக்கு வராது என்று யாரும் ஒதுங்க வேண்டியதில்லை. மாவைப் புளிக்க வைப்பது நம் கையில் ஊறிய வித்தை.

ஏன் வீட்டில்?

2016-ஆம் ஆண்டு மே மாதம் தில்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், கடைகளில் விற்கும் ரொட்டி, பன் வகைகளில் 38 மாதிரிகளைச் சோதித்து, அவற்றில் 84 சதவீதத்தில் பொட்டாசியம் புரோமேட் அல்லது பொட்டாசியம் அயோடேட் இருந்ததாக அறிவித்தது. மாவு நன்றாக எழும்புவதற்காகச் சேர்க்கப்பட்ட பொருள்கள் இவை. அடுத்த மாதமே புரோமேட்டுக்கு மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை விதித்தது. தடை வந்துவிட்டதால் கடை ரொட்டியைக் கண்டு இன்று நடுங்க வேண்டாம். ஆனால் அந்த ஒரு மாதப் பரபரப்பில்தான் நான் ஓ.டி.ஜி. அடுப்பு வாங்கினேன். முதல் மூன்று ரொட்டிகள் செங்கல்லாக வந்தன. நான்காவதைத் தின்ன முடிந்தது. பிறகு, நேரம் கிடைத்தால் செய்வது, இல்லாவிட்டால் கடையில் வாங்குவது என்று இரண்டு ஆண்டுகள் ஓடின.

வாரம் தவறாமல் செய்தே தீர வேண்டும் என்ற நிலை வந்தது 2019-இல். மாமியார் காலமான பின் மாமனார் எங்களோடு வந்து தங்கியிருந்தார். இரத்த அழுத்தம் அதிகம், இருதயமும் பலவீனம் என்று சொன்ன மருத்துவர், நாளொன்றுக்கு எல்லாவற்றிலும் சேர்த்து 5 கிராமுக்கு மேல் உப்பு கூடாது என்று எழுதிக் கொடுத்தார். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்கள் எல்லோருக்குமே சொல்லும் எல்லைதான் இது. நாம்தான் அதைப் பொருட்படுத்துவதில்லை.

உப்புக் குறைத்த சாம்பாரையும் ரசத்தையும் மாமனார் இரண்டு வாய்க்கு மேல் உண்ணவில்லை. இரண்டு மாதத்தில் சட்டை தொளதொளத்துவிட்டது. காலையில் காப்பியோடு ரொட்டி மட்டும் விருப்பத்தோடு சாப்பிட்டார். பொன்மலையில் அவரோடு வேலை செய்த ஆங்கிலோ-இந்திய நண்பர் வீட்டில் பழகிய ருசி அது. ரொட்டி தித்திப்பாகத்தானே இருக்கிறது, அதில் என்ன உப்பு என்று நானும் எண்ணியிருந்தேன். ஒரு நாள் பாக்கெட்டின் பின்புறத்தைப் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. அங்கே 'சோடியம்' என்று மில்லிகிராமில் போட்டிருப்பார்கள். அதை 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு வரும். 400 மில்லிகிராம் சோடியம் என்றால் 1,000 மில்லிகிராம், அதாவது 1 கிராம் உப்பு. அந்தக் கணக்கைப் போட்ட அன்றுதான் வாராந்தர முறை தொடங்கியது.

இட்லி மாவும் ரொட்டி மாவும்

செய்முறைக்கு முன் சிறிது விஞ்ஞானம். இது தெரிந்தால் பிழைகளை நாமே திருத்திக்கொள்ளலாம்.

இட்லி மாவு பொங்குவதற்கு முக்கியக் காரணம் 'லியூகோனோஸ்டாக்' என்ற வகை பாக்டீரியா. அரிசியிலும் உளுந்திலும் அது இயல்பாகவே இருக்கிறது. நாம் வெளியிலிருந்து எதுவும் சேர்ப்பதில்லை. ரொட்டி மாவை எழுப்புவது ஈஸ்ட் என்னும் நுண்ணிய காளான் இனம். அது உயிருள்ள பொருள் என்பதையும், நொதித்தல் அதன் வாழ்க்கைச் செயல் என்பதையும் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் 1857 முதல் செய்த ஆராய்ச்சிகளில் நிலைநாட்டினார். இரண்டிலும் மாவைத் தூக்கி நிறுத்துவது கரியமில வாயுவே.

வாயு உண்டானால் போதாது. அதைப் பிடித்து வைக்க ஒன்று வேண்டும். இட்லி மாவில் உளுந்தின் கொழகொழப்பு அந்த வேலையைச் செய்கிறது. ரொட்டியில் கோதுமையின் புரதமான குளூட்டன் செய்கிறது. மாவில் நீர் சேர்த்துப் பிசையப் பிசைய அது ரப்பர் வலைபோல் பின்னிக்கொள்கிறது. அரிசியில் குளூட்டன் இல்லாததால் அரிசி மாவில் இவ்வகை ரொட்டி வராது. குளூட்டன் ஒவ்வாதவர்கள் வீட்டில் இருந்தால் இந்த ரொட்டி அவர்களுக்கு ஆகாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

முழுக் கோதுமை ஆட்டாவில் உள்ள தவிட்டுத் துகள்கள் இந்த வலையைக் கத்திபோல் அறுத்துவிடும். அதனால்தான் வெறும் ஆட்டாவில் செய்த ரொட்டி கனமாக வருகிறது. மேலும், சக்கியில் கல்லில் அரைபடும்போது மாவுச்சத்து நசுங்குவதால் ஆட்டா மைதாவைவிட அதிக நீர் குடிக்கும். என் முதல் மூன்று செங்கற்களுக்கும் காரணம் இதுதான். மைதாவுக்கான நீரளவை ஆட்டாவுக்கு ஊற்றியிருந்தேன்.

ஒரு வாரத்துக்குத் தேவையானவை

கோதுமை ஆட்டா – 500 கிராம்
மைதா – 400 கிராம்
தண்ணீர் – 640 மில்லி
இன்ஸ்டன்ட் ஈஸ்ட் – 6 கிராம் (சுமார் 2 தேக்கரண்டி)
உப்பு – 14 கிராம்
சர்க்கரை – 2 மேசைக்கரண்டி
எண்ணெய் – 4 மேசைக்கரண்டி

பாத்திரங்களில் முக்கியமானது எலெக்ட்ரானிக் தராசு. கிண்ணத்தால் அளந்தால் ஒரு வாரம் வந்தது மறுவாரம் வராது. ரொட்டிக்கு 9 அங்குல நீளம், 5 அங்குல அகலமுள்ள டின் ஒன்று போதும்.

ஈஸ்டில் மூன்று வகை உண்டு. இன்ஸ்டன்ட் வகையை நேராக மாவில் கலக்கலாம். பெரிய மணிகளாக இருக்கும் உலர்ந்த ஈஸ்டை, சர்க்கரை கலந்த வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடம் ஊறவைத்து நுரைத்த பின் சேர்க்க வேண்டும். பேக்கரிகளில் கட்டியாகக் கிடைக்கும் பச்சை ஈஸ்ட் என்றால் இன்ஸ்டன்ட் அளவைப் போல் மூன்று மடங்கு தேவை. பிரித்த பாக்கெட்டைக் காற்றுப் புகாத டப்பாவில் ஃபிரீஸரில் வையுங்கள்.

சனிக்கிழமை இரவு: பிசைதல்

இரவு எட்டரை மணிக்கு இரண்டு மாவையும் 600 மில்லி நீர் விட்டுக் கலந்து, மூடி, அரைமணி நேரம் விட்டுவிடுங்கள். பிசைய வேண்டாம். இந்த நேரத்தில் தவிடு ஊறி மெதுவாகும். குளூட்டனும் தானாகவே பின்னத் தொடங்கிவிடும். நாங்கள் அந்த நேரத்தில் இரவுச் சாப்பாட்டை முடித்துவிடுவோம்.

பிறகு மீதி 40 மில்லி நீரில் ஈஸ்டையும் சர்க்கரையையும் கரைத்து மாவில் சேர்த்துப் பிசையுங்கள். அது கலந்த பின் உப்பு. கடைசியில் எண்ணெய். மாவு கையில் ஒட்டும். பயந்துபோய் மேலும் மாவு தூவாதீர்கள். சப்பாத்தி மாவைவிட இது தளர்வாகத்தான் இருக்க வேண்டும். 10 முதல் 12 நிமிடம் இழுத்து மடித்துப் பிசைந்தால் ஒட்டுவது குறையும். எலுமிச்சை அளவு மாவை எடுத்து மெல்ல விரித்துப் பாருங்கள். கிழியாமல், வெளிச்சம் தெரியும் அளவு மெல்லிதாக விரிந்தால் பதம் சரி.

மாவைப்போல் மூன்று மடங்கு கொள்ளும் பாத்திரத்தில் எண்ணெய் தடவி, மாவை வைத்து மூடுங்கள். கோடையில் அரைமணி வெளியே வைத்துவிட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். டிசம்பர், ஜனவரியில் சமையலறை மேடையிலேயே விட்டுவிடலாம். தில்லிக் குளிரில் இட்லி மாவு பொங்காமல் நாம் கண்ணீர் விடுகிறோமே, அதே குளிர் ரொட்டி மாவுக்கு நல்லதாக அமைகிறது. மெதுவாகப் புளித்த மாவில்தான் மணம் கூடுகிறது.

ஞாயிறு காலை: சுடுதல்

காலை ஆறு மணிக்கு மாவை எடுத்து மெல்ல அமுக்கிக் காற்றை இறக்கி, எடை போட்டு இரண்டாகப் பிரியுங்கள். ஒவ்வொரு பாதியும் 800 கிராமுக்குச் சற்று மேல் இருக்கும். ஒரு பாதியை மூடிய டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். அது செவ்வாய்க்கிழமைக்கு. குளிர்காலத்திலும் இந்தப் பாதி ஃபிரிட்ஜில்தான் இருக்க வேண்டும்.

மற்றப் பாதியை டின்னின் நீளத்துக்குச் செவ்வகமாகத் தட்டி, பாய் சுருட்டுவதுபோல் இறுக்கமாகச் சுருட்டுங்கள். எண்ணெய் தடவிய டின்னில் ஓரம் கீழே வரும்படி வைத்து, ஈரத் துணியால் மூடுங்கள். மாவு டின் விளிம்புக்கு மேல் ஓர் அங்குலம் எழும்ப ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும். குளிர்காலத்தில், சூடேற்றாத ஓ.டி.ஜி.க்குள் ஒரு கிண்ணம் வெந்நீரோடு டின்னை வைத்துக் கதவை மூடினால் போதும்.

எழும்பிய மாவை விரலால் மெல்ல அழுத்துங்கள். குழி உடனே நிரம்பினால் இன்னும் நேரம் வேண்டும். மெதுவாக, பாதி மட்டும் நிரம்பினால் சரியான பதம். நிரம்பவே இல்லையென்றால் நேரம் கடந்துவிட்டது.

டின்னை வெளியே எடுத்துவிட்டு, ஓ.டி.ஜி.யை 200 டிகிரியில் கால்மணி நேரம் சூடாக்குங்கள். மேல், கீழ் இரண்டு கம்பிகளும் எரிய வேண்டும். டின்னைக் கீழ்த்தட்டில் வைத்து 35 முதல் 40 நிமிடம் சுடுங்கள். 20 நிமிடத்தில் மேற்புறம் சிவந்துவிட்டால் அலுமினியத் தாளால் மூடுங்கள். ரொட்டியைக் கவிழ்த்து அடியில் தட்டினால் வெற்றுப் பானையைத் தட்டியதுபோல் ஓசை வர வேண்டும். உள்ளே குத்தும் வெப்பமானி இருந்தால் நடுப்பகுதி 95 டிகிரி காட்ட வேண்டும்.

மின்சாரத்தைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். 1,600 வாட் அடுப்பு இடைவிடாமல் ஒரு மணி எரிந்தாலும் 1.6 யூனிட்தான். நடுநடுவே அது தானாக அணைந்து எரிவதால் இன்னும் குறையும்.

வெந்த ரொட்டியை உடனே டின்னிலிருந்து எடுத்துக் கம்பித் தட்டில் வையுங்கள். குறைந்தது ஒன்றரை மணி நேரம் வெட்டக் கூடாது. சூட்டில் வெட்டினால் உள்ளே பிசுபிசுக்கும். எங்கள் வீட்டில் இந்த விதிதான் அதிகம் மீறப்படுகிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஒரு ரொட்டியில் 16 துண்டுகள் வரும்.

செவ்வாய் மாலை: பன்

அலுவலகத்திலிருந்து வந்ததும் மற்றப் பாதி மாவை 12 உருண்டைகளாக உருட்டி, தட்டில் நெருக்கமாக அடுக்குங்கள். ஒன்றேகால் மணி நேரத்தில் ஒன்றோடொன்று ஒட்டி எழும்பிவிடும். 200 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம். எடுத்தவுடன் மேலே சிறிது வெண்ணெய் தடவுங்கள். அன்றிரவு உருளைக்கிழங்கு மசாலாவோடு பன். மறுநாள் பிள்ளைகளின் டிபன் டப்பாவுக்கும் அதுவே.

செவ்வாயன்று வீட்டுக்கு வர நேரமாகிவிட்டதா? அதே மாவைத் தட்டித் தவாவில் போட்டு மூடிச் சுட்டால் குல்சா. மாவு வீணாகாது.

காப்பதும் மீந்ததும்

ரொட்டியை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைப்பது நம்மில் பலர் செய்யும் தவறு. அந்தக் குளிரில் மாவுச்சத்து விரைவில் இறுகி, ரொட்டி வெளியில் இருப்பதைவிடச் சீக்கிரம் விறைத்துப்போகும். இரண்டு நாளுக்கு வேண்டியதை மூடிய டப்பாவில் வெளியே வையுங்கள். மீதியைத் துண்டு போட்டு ஃபிரீஸரில் வைத்து, வேண்டும்போது நேராகத் தவாவில் சுடலாம். ஜூலை, ஆகஸ்ட் மழைக்காலத்தில் இரண்டே நாளில் பூஞ்சை பிடித்துவிடும் என்பதால் அன்றே ஃபிரீஸருக்குப் போய்விடட்டும். பூஞ்சை கண்ட ரொட்டியில் அந்த இடத்தை மட்டும் கிள்ளிவிட்டுத் தின்பது கூடாது, முழுதையும் எறிந்துவிடுங்கள்.

வெள்ளிக்கிழமை மீந்திருக்கும் துண்டுகளை உதிர்த்து, கடுகு, வெங்காயம், பச்சைமிளகாய் தாளித்து உப்புமா செய்வோம். அதுவும் மீந்தால் உலர்த்திப் பொடித்துக் கட்லெட்டுக்கு வைத்துக்கொள்வேன்.

பிழையும் காரணமும்

கல்லாக வந்தால்: நீர் போதவில்லை, அல்லது ஈஸ்ட் செத்துவிட்டது. 55 டிகிரிக்கு மேல் சூடான நீரில் ஈஸ்ட் சாகத் தொடங்கும். விரல் பொறுக்கும் வெதுவெதுப்புப் போதும்.

நடுவில் அமுங்கினால்: எழும்ப விட்ட நேரம் அதிகம். மே, ஜூன் மாதங்களில் 42 டிகிரி வெயிலில் கால்மணி கூடினாலும் இது நேரும். அப்போது பிசைய ஃபிரிட்ஜ் தண்ணீரையே பயன்படுத்துங்கள்.

பக்கவாட்டில் வெடித்தால்: எழும்ப விட்ட நேரம் குறைவு.

புளிப்பு வாடை மிகுந்தால்: ஈஸ்ட் அதிகம், அல்லது வெப்பம் அதிகம்.

உப்பின் கதை

உப்பு ருசிக்காக மட்டும் அல்ல. அது ஈஸ்டின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது, குளூட்டனை இறுக்குகிறது. உப்பைக் குறைத்தால் மாவு அதிகம் ஒட்டும், வேகமாகவும் பொங்கும். எனவே உப்பு குறையும்போது எழும்பும் நேரத்தையும் குறைத்துக் கவனிக்க வேண்டும்.

பழைய கணக்குப்படி நான் 900 கிராம் மாவுக்கு 18 கிராம் உப்பு போட்டுவந்தேன். ஒரேயடியாகக் குறைத்தால் மாமனார் ரொட்டியையும் ஒதுக்கிவிடுவாரோ என்று பயம். அதையும் விட்டுவிட்டால் அவர் வேறு எதைச் சாப்பிடுவார்? ஆகவே யாரிடமும் சொல்லாமல், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 2 கிராம் குறைத்தேன். 18, 16, 14, 12, பிறகு 10. இரண்டு மாதம் ஆயிற்று. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. நாக்கு மெல்ல மெல்லப் பழகிக்கொள்ளும் என்று படித்தது உண்மைதான் என்று எனக்குள் பெருமை வேறு.

10 கிராமுக்கு வந்த ஞாயிறன்று மாமனார் காப்பியில் தோய்த்த துண்டை மென்றுவிட்டு, "ஏம்மா, ரெண்டு மாசமா ரொட்டியில உப்பு கொறஞ்சுக்கிட்டே வருது இல்ல?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஆமாம் மாமா. டாக்டர் சொன்னாருன்னுதான்..." என்று இழுத்தேன்.

"டாக்டர் சொன்னது எனக்கும் தெரியும்மா. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. முப்பத்தஞ்சு வருஷம் பணிமனையில அளவு பார்த்து வேலை செஞ்சவன் நான். என்கிட்டப் போய் அளவை மறைக்கலாமா?"

கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அது தைத்தது. அவர் உடம்பைப் பற்றிய ஒரு காரியத்தை அவருக்குத் தெரியாமல் செய்திருந்தேன். நல்லதற்காகச் செய்தாலும், வயதானவரைச் சிறு குழந்தையாக நடத்தியது நடத்தியதுதான். மன்னிப்புக் கேட்டேன்.

அவர் எழுந்து தன் அறைக்குப் போனார். வருத்தப்பட்டுவிட்டார் என்று நினைத்தேன். சட்டை அலமாரியைத் திறந்து, சட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். ஊரிலிருந்து வந்த உறவினர் கொடுத்த மாவடு. முக்கால் பாட்டில் காலி.

"நீயும் மறைச்சே, நானும் மறைச்சேன். கணக்கு நேராப் போச்சு. இனிமே எடை போடுறது என் வேலை" என்றார்.

அன்றிலிருந்து சனிக்கிழமை இரவு தராசு அவர் பொறுப்பு. கணக்கையும் அவரே போட்டார். 18 கிராமில் ஒரு துண்டுக்கு 0.56 கிராம் உப்பு. 10 கிராமில் 0.31 கிராம். நாளைக்கு மூன்று துண்டுக்கு முக்கால் கிராம் மிச்சம். அந்த முக்கால் கிராமை ரசத்துக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார். ரசம் கொஞ்சம் ரசமாக ஆனதும் சோறும் இறங்கியது. ரொட்டியால் நோய் தீர்ந்தது என்று சொல்ல வரவில்லை. மருந்தும் மருத்துவரும் அப்படியே தொடர்கிறார்கள். உங்கள் வீட்டில் இருதய நோயாளியோ சிறுநீரக நோயாளியோ இருந்தால் அவர்களுக்குரிய அளவை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். சாப்பாட்டில் அவருக்கு மறுபடி பிடிப்பு வந்தது. தன் உணவின் கணக்கு தன் கையில் இருக்கிறது என்ற தெம்பும் வந்தது. அதை மட்டுமே நான் சொல்ல முடியும்.

கூடவே கிடைத்தது

அப்போது என் மகன் மூன்றாம் வகுப்பு. நம் வீட்டுப் பிள்ளைகள் பலரைப் போல அவனுக்கும் எண்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வாயில் வரும். தாத்தாவுக்குத் தராசின் சிறிய எழுத்து சரியாகத் தெரியாது. எனவே அவன் படித்துச் சொல்ல வேண்டும். தாத்தாவோ தமிழில் சொன்னால்தான் அடுத்த பொருளை எடுப்பார். 'ஐந்நூறு', 'நானூறு', 'அறுநூற்று நாற்பது' என்று வாரந்தோறும் சொல்லிச் சொல்லி, ஆறே மாதத்தில் ஆயிரம் வரை தடையில்லாமல் வந்துவிட்டது. இதற்கு முன் நான் வாங்கிக் கொடுத்த எண் புத்தகம் மூன்று வருடம் அலமாரியில் தூங்கியது.

இப்போது வேலை இப்படிப் பங்காகியிருக்கிறது. தாத்தாவும் பேரனும் எடை போடுவார்கள். என் கணவர் பிசைவார். சுருட்டுவதும் சுடுவதும் நான். செவ்வாய்க்கிழமை பன் என் மகளுடையது. பந்தியில் அந்தச் சகோதரி கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். நான் ஒருத்தியாகச் செய்தால் முடியாது. ஐந்து பேர் செய்வதால் முடிகிறது. என் பங்குக்கு வாரத்தில் முழுதாக ஒரு மணி நேரம்கூட ஆவதில்லை. மீதி நேரமெல்லாம் மாவு தானே வேலை செய்துகொள்கிறது.

தொடங்க விரும்பும் சகோதர சகோதரிகள் முதல் வாரம் எல்லாவற்றையும் பாதி அளவில் எடுத்து, ஒரே ஒரு ரொட்டி மட்டும் செய்து பாருங்கள். நீரளவு உங்கள் சக்கி மாவுக்கு ஏற்பச் சிறிது மாறும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கல்லாக வந்தால் மேலே சொன்ன பட்டியலைப் பார்த்து மறுவாரம் திருத்துங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் தராசை அவர்களிடம் கொடுங்கள்.

மாமனாருக்கு இப்போது வயது 86. பேரன் என்னைவிட உயரமாக வளர்ந்துவிட்டான். சென்ற சனிக்கிழமை அவன் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்க, நானே தராசின் எண்ணைப் படித்து, உப்பு பதினொன்று என்றேன். "ஒண்ணு எடுத்துடும்மா" என்றார் மாமா. எடுத்துவிட்டேன்.